வானிலை அறையில் மாணவப் பயிற்சி: முதன்முறை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வானிலை அலுவலகத்தில் பயிற்சிக்குப் போக ஆசைப்படும் மாணவர்கள் பலருடைய மனத்திலும் ஓடுவது ஒரே படம்தான்: புயல் சின்னம், பெரிய திரை, மைக்கை நீட்டும் நிருபர்கள். வானிலை அதிகாரி ரமணன் தொலைக்காட்சியில் வந்தால் நாளை பள்ளி விடுமுறையா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த தலைமுறைக்கு இந்தப் படம் இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் ஆண்டுக்குச் சிலதான். மற்ற நாட்களில் நடப்பது வேறு. மழை வருமா, எங்கே, எவ்வளவு என்ற கேள்விக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் காலை 8.30 மணிக்கு மழைமானி அந்தப் பதிலைத் திருத்திவிடும். பயிற்சிக் காலத்தில் பழக வேண்டியது இந்தத் தினசரிச் சுழற்சியைத்தான்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வேறு ஊரில் சேர்ந்தாலும் வேலைமுறை பெரிதாக மாறாது.

ஆராய்ச்சி வேறு, அன்றாட முன்னறிவிப்பு வேறு

விண்ணப்பிக்கும் முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வானிலை ஆராய்ச்சியில் ஒரு மழை நாளை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆராயலாம். முன்னறிவிப்பு அறையில் அந்த வசதி கிடையாது. ஒரு நிலையத்திலிருந்து தகவல் வரவில்லை, பலூன் பாதியிலேயே வெடித்துவிட்டது, கணினி மாடல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எப்படி இருந்தாலும் அறிக்கை நேரத்துக்குப் போயாக வேண்டும். கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்பதுதான் அங்கே திறமை.

பயிற்சிக்குப் போகும் பலரிடம், "கடந்த முப்பது ஆண்டு மழைத் தரவைப் போக்குப் பகுப்பாய்வு செய்" என்று ஒரு வேலை தரப்படும். பயனுள்ள வேலைதான். ஆனால் மூலையில் ஒரு கணினி முன் உட்கார்ந்து எக்ஸெல் கோப்பைப் புரட்டிவிட்டு, முன்னறிவிப்பு எப்படித் தயாராகிறது என்பதைப் பார்க்காமலே சான்றிதழோடு திரும்பி வந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அன்றாட முன்னறிவிப்பு என்றால் அதை முதலிலேயே வாய்விட்டுக் கேளுங்கள்: பணியில் இருக்கும் முன்னறிவிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வாரத்துக்குச் சில நாள் அனுமதி வேண்டும் என்று. திட்டக் கட்டுரை அதன் போக்கில் ஒரு பக்கம் நடக்கட்டும்.

எங்கே கேட்கலாம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தொடங்கப்பட்டது. அதற்கு ஆறு மண்டல மையங்கள்: சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி, நாக்பூர், குவாஹாத்தி. தென் மாநிலங்கள், புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாம் சென்னை மண்டலத்துக்குள் வரும். சென்னையில் புயல் எச்சரிக்கை மையமும் சேர்ந்தே இயங்குவதால், நிலம், கடல் இரண்டுக்குமான முன்னறிவிப்பையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் இருந்த இடம் அது. 1792-இல் நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். கல்லில் தமிழும் இருக்கிறது.

சென்னையில் இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். உங்கள் படிப்புக்கு வேறொரு இடம் இன்னும் பொருத்தமாகக்கூட இருக்கலாம். வேளாண்மை படிக்கிறவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் நல்ல தேர்வு. நாடு முழுவதும் வேளாண் வானிலைப் பிரிவுகள் செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை விவசாயிகளுக்கு ஆலோசனை அறிக்கை தருகின்றன. முன்னறிவிப்பு வயலுக்குப் போய்ச் சேரும் கடைசிக் கட்டத்தை அங்கேதான் பார்க்க முடியும். மாடல்களில் ஆர்வமுள்ள கணினி மாணவர்கள் நொய்டாவில் உள்ள நடுத்தர கால முன்னறிவிப்பு மையத்தையோ, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தையோ அணுகலாம். அலை, கடல்நீரோட்டம் பிடிக்குமென்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம். திருப்பதி அருகே கதங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் ஆராய்ச்சிக்கான இடம்; அன்றாட முன்னறிவிப்பைத் தேடி அங்கே போக வேண்டாம். இலங்கையில் படிக்கிறவர்கள் கொழும்பில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தைத்தான் கேட்க வேண்டும்.

விமான நிலைய வானிலைப் பிரிவுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓடுபாதையில் காற்று எப்படி, பார்வைத் தூரம் எவ்வளவு என்று அரை மணிக்கொரு முறை அறிக்கை போகும் இடம் அது. பாதுகாப்பு அனுமதி வாங்குவதுதான் தலைவலி. அந்தத் தலைவலியைத் தாண்டிவிட்டால் வேகமாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரே இடத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். உதவித்தொகை உண்டா, கட்டணம் கட்ட வேண்டுமா, தங்குமிடம் தருவார்களா என்பதையெல்லாம் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போவது

"வடகிழக்குப் பருவமழையில்தானே போக வேண்டும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்துக்குச் சராசரியாகச் சுமார் 44 செ.மீ. மழை, ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி. பார்க்க நிறைய இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் உங்களுக்கு விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. உங்களுக்கும் பருவத் தேர்வு வந்து நிற்கும்.

என் பரிந்துரை ஆகஸ்ட், செப்டம்பர். அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பதிப் பக்கம் இடிமேகம் எழும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். கடல்காற்று எதிரே வந்து முட்டினால் மாலையிலோ முன்னிரவிலோ சென்னையில் மழை. பல நாட்களில் திரும்பத் திரும்ப இதே கதைதான். கதை ஒன்றாக இருந்தாலும் முடிவு ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி இருக்கும். ஒரு நாள் மேகம் அரக்கோணத்தோடு கரைந்துவிடும். மறுநாள் அதே மேகம் கடற்கரை வரை வந்து கொட்டித் தீர்க்கும். ஏன் என்று கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான காலம் இல்லை.

கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் அதிலும் குறையில்லை. மே மாதத்தில் சென்னையின் உச்ச வெப்பநிலையைத் தீர்மானிப்பது கடல்காற்று உள்ளே வரும் நேரம்தான். நண்பகலுக்குள் வந்துவிட்டால் நகரம் தப்பித்துக்கொள்ளும். தாமதித்தால் வாட்டி எடுத்துவிடும். ஒரு மாதம் தினமும் அந்த நேரத்தை முன்கூட்டிச் சொல்லிப் பாருங்கள்.

போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் ரேடார் படம், செயற்கைக்கோள் படம், தினசரி அறிக்கை மூன்றையும் ஒரு மாதம் விடாமல் பாருங்கள். மூன்றும் துறையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. புரியாவிட்டாலும் பாருங்கள், புரியாதவற்றைக் குறித்து வையுங்கள். அந்தக் கேள்விகள்தான் முதல் நாள் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்து, நேரக் கணக்கு. உலக வானிலைத் தரவு எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி கூடுதல். 00 யுடிசி என்றால் காலை 5.30, 03 என்றால் 8.30, 12 என்றால் மாலை 5.30. செயற்கைக்கோள் படத்தின் மூலையில் 0900 என்று பார்த்துவிட்டுக் காலை ஒன்பது மணி என்று நினைக்கிறவர் மதியம் இரண்டரை மணி மேகத்தைக் காலை மேகமாகப் படித்துவிடுவார். விரலை மடக்காமல் சொல்லும் அளவுக்கு இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு நிலையக் குறியீடு. வரைபடத்தில் ஒவ்வொரு ஊரையும் சுற்றிச் சில எண்கள் இருக்கும். இடப்புறம் மேலே வெப்பநிலை, கீழே பனிநிலை. வலப்புறம் மேலே காற்றழுத்தம், மூன்றே இலக்கத்தில். 086 என்று இருந்தால் 1008.6 ஹெக்டோபாஸ்கல். காற்றுக் குச்சியில் முழுக் கோடு 10 நாட், அரைக் கோடு 5 நாட், முக்கோணக் கொடி 50 நாட். ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம்.

கணினியில் பைதான் கொஞ்சம், லினக்ஸ் கட்டளைகள் கொஞ்சம் தெரிந்தால் போதும். மெட்பை, எக்ஸ்அரே என்ற இரண்டு நிரல் தொகுப்புகளை நிறுவி, இலவசமாகக் கிடைக்கும் ஜிஎஃப்எஸ் மாடல் தரவில் ஒரு காற்று வரைபடம் வரைந்து பாருங்கள். 1901 முதலான தினசரி மழைத் தரவைக் கால் பாகைக் கட்டங்களாக வானிலைத் துறை வெளியிட்டிருக்கிறது. அதைத் திறந்து உங்கள் ஊர் இருக்கும் கட்டத்தின் நவம்பர் மழையை எடுக்கத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் சும்மா உட்கார வைக்காது.

கடிதம்

கல்லூரித் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், படிக்கும் சான்று, மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை எங்கும் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியே எழுதுங்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு அதன் வேகத்தில்தான் நகரும்.

கடிதத்தின் சாரத்துக்கு வருவோம். "சிறு வயது முதலே மழையை நேசிப்பவள் நான்" என்று தொடங்கும் கடிதங்களைப் படித்துப் படித்து அங்கே இருப்பவர்களுக்கு அலுத்திருக்கும். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆகஸ்ட் மாதம் முழுவதும் சென்னை ரேடார் படத்தைத் தினமும் மாலையில் கவனித்தேன். மேற்கே உருவாகும் இடிமேகங்களில் எவை நகருக்குள் வருகின்றன, எவை வழியிலேயே கலைகின்றன என்று குறித்து வைத்திருக்கிறேன். காலை 5.30 மணிப் பலூன் தரவை வைத்து அதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கற்க விரும்புகிறேன்." நாலு வரிதான். ஆனால் எழுதியவருக்கு என்ன வேண்டும், என்ன தெரியும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. வந்தால் எந்த மேசையில் உட்கார வைக்கலாம் என்று அதிகாரிக்கும் புரிந்துவிடும்.

முதல் வாரம்: கருவித் தோட்டத்தில் காலை 8.30

சேர்ந்ததும் கணினித் திரைக்கு ஓடாதீர்கள். காலையில் அளவீடு எடுப்பவரோடு கருவிகள் இருக்கும் புல்வெளிக்குப் போங்கள்.

வெள்ளை அடித்த மரப்பெட்டி ஒன்று கால்களின் மேல் நிற்கும். ஸ்டீவன்சன் பெட்டி. கதவு வடக்குப் பார்த்திருக்கும். திறக்கும்போது வெயில் கருவியில் படக்கூடாது. உள்ளே நான்கு வெப்பமானிகள்: உலர், ஈர, உச்ச, குறைந்தபட்ச. முதலில் உலர், ஈரக் குமிழ்களைச் சட்டென்று படித்துவிடுவார்கள். முகத்தை அருகில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தால் உங்கள் உடல் சூடும் மூச்சும் அளவைக் கூட்டிவிடும். ஈரக் குமிழைச் சுற்றிய மெல்லிய துணி அழுக்கேறியிருந்தால் ஆவியாதல் குறையும். ஈரப்பதம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதனால்தான் அந்தத் துணியை அடிக்கடி மாற்றுகிறார்கள். ஒரு முழம்கூடத் தேறாத அந்தத் துணியில் தொடங்குகிற பிழை, மதியம் நீங்கள் பார்க்கும் வரைபடம் வரை பயணம் செய்யும்.

அடுத்தது மழைமானி. சேர்ந்த நீரைக் கண்ணாடி அளவுகுழலில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீர்மட்டத்தின் அடிவளைவைப் படிக்க வேண்டும். மேலிருந்து சாய்த்துப் பார்த்தால் அளவு மாறும். நேற்று 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய மழை. செய்தித்தாளில் "24 மணி நேரத்தில்" என்று வருவதெல்லாம் இந்தக் கணக்குதான். பக்கத்தில் சுழலும் உருளையில் பேனா கோடு வரையும் தானியங்கி மழைப்பதிவுக் கருவி இருந்தால் அதன் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேனா 10 மி.மீ. வரை ஏறிச் சடாரென்று கீழே விழும். அரை மணிக்குள் நாலு தடவை விழுந்திருந்தால் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றிருக்கும். நாள் முழுக்கச் சாய்ந்து சாய்ந்து ஏறியிருந்தால் அதே 40 மி.மீ. மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

தானியங்கி நிலையங்கள் பெருகிவிட்டன. இதெல்லாம் பழைய கதை என்று யாராவது சொல்லக்கூடும். எண் எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்த்தவருக்குத்தான் எந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்று தெரியும் என்பது என் கட்சி.

பலூன்

சென்னை மீனம்பாக்கம், காரைக்கால் போன்ற நிலையங்களிலிருந்து ஹைட்ரஜன் பலூன்கள் கருவியைச் சுமந்துகொண்டு மேலே போகின்றன. நல்ல நாளில் 30 கி.மீ. வரைகூட ஏறும். வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் உயரம் உயரமாகச் சொல்லிக்கொண்டே போகும். விடியற்காலையில் எழ முடியுமென்றால் ஒரு முறை பலூன் விடுவதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பிறகு அந்தத் தரவு டெஃபிகிராம் என்ற சாய்கோட்டு வரைபடமாக மாறுவதைப் பாருங்கள். முதல் பார்வையில் சிலந்திவலையாகத் தெரியும். இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும். கீழே ஈரம் எவ்வளவு கனமாக இருக்கிறது, நடுவில் வறண்ட அடுக்கு மூடி போட்டிருக்கிறதா, அந்த மூடியைப் பிற்பகல் வெயில் உடைக்குமா; மாலை மழைக்கான கேள்விகள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ரேடாரை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு

சென்னைத் துறைமுகத்தின் டாப்ளர் ரேடார் 2002-இல் வந்தது. நிறம் சிவந்தால் பலத்த மழை என்று எல்லோரும் படித்துவிடுகிறார்கள். பயிற்சியாளராக நீங்கள் அதற்கு ஒரு படி மேலே போக வேண்டும்.

ரேடார் கதிர் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமி வளைகிறது. அரைப் பாகை உயர்த்தி அனுப்பிய கதிர் 250 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து ஏறக்குறைய 6 கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே உயரம் குறைந்த மேகம் ஒன்று நன்றாகப் பெய்துகொண்டிருந்தாலும் கதிர் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும். திரையில் வெறுமை, தரையில் மழை. வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகங்களுக்கு இது அடிக்கடி நேரும். டெல்டாவைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக்கால் ரேடாரைத் திறக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, காற்று அசையாத விடியற்காலைகளில் கதிர் கீழ்நோக்கி வளைந்து தரையில் பட்டுத் திரும்பி, இல்லாத மழையைத் திரையில் காட்டும். செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தில் மேகம் உண்டா என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு ரேடாரை வைத்தே நடக்கிறது. அதில் கணக்கு எளிது. அரக்கோணத்தின் மேல் ஒரு இடிமேகம். அடுத்தடுத்த படங்களில் அது நகர்ந்த தூரத்தை அளக்கிறீர்கள். மணிக்கு 30 கி.மீ. என்று வருகிறது. சென்னை சுமார் 65 கி.மீ. என்றால் வந்துசேர இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கடினமான பகுதி அடுத்த கேள்வியில்: இரண்டு மணி நேரம் அது உயிரோடு இருக்குமா? வழியில் கடல்காற்று கொண்டுவந்த ஈரம் இருந்தால் புதுத்தெம்பு பெறும். முந்தைய மழை தரையைக் குளிர்வித்திருந்தால் மங்கிவிடும். இதைச் சொல்லித் தரும் மென்பொருளைவிட, பத்து வருடம் அந்தத் திரையைப் பார்த்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருப்பது மேல்.

மாடலைக் கடைசியில் திறங்கள்

இளைஞர்கள் செய்யும் முதல் காரியம் மாடலைத் திறப்பது. அந்த அறையில் இப்படி ஒரு பேச்சு சாதாரணமாகக் காதில் விழும்:

"சாயந்திரம் மழை இருக்காப்பா?"

"ஜிஎஃப்எஸ் இல்லேங்குது சார்."

"அது கிடக்கட்டும். மீனம்பாக்கம் காலை பலூன் என்ன சொல்லுது?"

"இன்னும் பாக்கல சார்."

"அப்போ மொதல்ல அதப் பாரு. பாத்துட்டு நீ ஒண்ணு சொல்லு. அப்புறம் மாடல் கிட்டக் கேக்கலாம்."

விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர் கணக்குக் கற்பதில்லை. அளவீடுகள், பலூன், செயற்கைக்கோள், ரேடார் எல்லாம் பார்த்து உங்களுக்கென்று ஒரு கருத்து வந்த பிறகே மாடலைத் திறங்கள். திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நாளைய மழையை அல்ல. இன்று காலை நிலவரத்தை அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதை. காற்றுச் சுழற்சி இருக்கும் இடத்தையே ஒரு பாகை தள்ளி வைத்திருக்கும் மாடல் நாளைய மழையைச் சரியாகச் சொன்னால் அது அதிர்ஷ்டம்.

2021 டிசம்பர் 30 பிற்பகலை நினைத்துப் பாருங்கள். சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையை மாடல்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. நகரம் மாலைப் போக்குவரத்தோடு தண்ணீரில் நின்றது. அதற்குப் பின் மாடல்கள் மேம்பட்டிருக்கின்றன. 2025-இல் 6 கி.மீ. கட்டத்தில் இயங்கும் பாரத் முன்னறிவிப்பு முறை பயன்பாட்டுக்கு வந்தது. இருந்தாலும் ஒரு இடிமேகம் எந்தப் பேட்டையில் கொட்டும் என்று காலையிலேயே சொல்லும் கருவி இன்னும் யாரிடமும் இல்லை.

அறிக்கையின் சொற்கள்

மதியம் வரும் தமிழ்ச் செய்திக்குறிப்பைப் படித்திருப்பீர்கள். "ஓரிரு இடங்களில்", "ஒருசில இடங்களில்", "அநேக இடங்களில்", "பெரும்பாலான இடங்களில்." சலிப்பூட்டும் அரசு நடை என்று தோன்றும். ஒவ்வொன்றுக்கும் வரையறை உண்டு. அந்தப் பகுதியின் நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை என்றால் ஓரிரு. 50 வரை ஒருசில. 75 வரை அநேக. அதற்கு மேல் பெரும்பாலான. மழை அளவுக்கும் அப்படியே: 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6-இல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் மழை அளவின் மறுபெயர்கள் இல்லை; மழையால் விளையும் பாதிப்பையும் சேர்த்துத்தான் நிறம் முடிவாகிறது. மலையில் உள்ள சின்னக்கல்லாறுக்குப் பழகிப்போன மழை சென்னை வேளச்சேரிக்குத் தாங்காது.

இந்தச் சொற்களுக்குள் அடங்காத நாளும் வரும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அதி கனமழை என்ற சொல் 21 செ.மீ.க்கும் அதேதான், 95-க்கும் அதேதான். எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று மாநில அரசும் மத்திய அரசும் வாக்குவாதம் செய்தன. பயிற்சியின்போது அந்த நாளின் வரைபடங்களைக் கேட்டு வாங்கி வரிசையாகப் பாருங்கள். முதல் நாள் காலை அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள்.

உங்கள் சொந்தக் கணிப்பேடு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். அலுவலக அறிக்கை வெளியாகும் முன் உங்கள் முன்னறிவிப்பைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். காரணத்தை ஒரு வரியில் சேருங்கள். "இன்று சென்னையில் மழை, வாய்ப்பு 60 விழுக்காடு, மேல்காற்று மேற்கு, காலை ஈரம் அதிகம்." மறுநாள் 8.30 அளவைப் பக்கத்தில் எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம்.

மாத முடிவில் மதிப்பெண் போடும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, முப்பது நாளில் எட்டு நாள் மழை என்றீர்கள். அதில் ஐந்து நாள் பெய்தது, மூன்று நாள் பொய்த்தது. நீங்கள் சொல்லாத இரண்டு நாளும் மழை பெய்தது. மீதி இருபது நாள் மழையில்லை என்றீர்கள், இல்லை. மொத்தம் 25 நாள் சரி, 83 விழுக்காடு. நெஞ்சை நிமிர்த்தலாம் போலத் தோன்றும். ஆனால் எதையும் பார்க்காமல் முப்பது நாளும் "மழை இல்லை" என்று சொல்லியிருந்தால்கூட 23 நாள் சரியாகி 77 விழுக்காடு வந்திருக்கும்! அதனால்தான் முன்னறிவிப்பாளர்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெய்த ஏழு நாளில் நீங்கள் பிடித்தது ஐந்து: 0.71. மழை என்று சொன்ன எட்டில் பொய்த்தது மூன்று: 0.375. வெறும் வறட்சி நாட்களை விலக்கிவிட்டு, சொன்னதும் பெய்ததுமாகச் சேர்ந்த பத்து நாளில் சரியானது ஐந்து: 0.5. இந்த மூன்று எண்ணும்தான் உங்கள் உண்மையான முகம். தினமும் "மழை இல்லை" என்றவருக்கு முதல் எண்ணும் கடைசி எண்ணும் பூஜ்யம்.

பொய்த்த மூன்று நாளுக்கும் எழுதி வைத்த காரணங்களைத் திரும்பப் படித்தால் பெரும்பாலும் ஒரே தவறு மூன்று வேடத்தில் வந்திருக்கும்.

வாய்க்கட்டுப்பாடு

அறைக்குள் பார்த்ததை வெளியே சொல்லக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். வெளியாகாத வரைபடத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவது, "எங்க ஆபீஸ்ல நாளைக்கு ரெட் அலர்ட் வரப்போகுதாம்" என்று வகுப்புக் குழுவில் எழுதுவது இரண்டும் உங்களைச் சேர்த்துக்கொண்டவருக்குச் செய்யும் துரோகம். அது மட்டுமில்லாமல், மாணவர் ஒருவர் அரைகுறையாகச் சொன்னதை நம்பி ஒரு மீனவர் கடலுக்குப் போகவோ போகாமலிருக்கவோ நேரலாம். எச்சரிக்கைக்கு வாய் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் பெரியம்மா தொலைபேசியில் கேட்டால்கூட வெளியான அறிக்கையைப் படித்துக் காட்டுங்கள், போதும்.

புயல் நாட்களில்

நீங்கள் இருக்கும்போது புயல் வந்தால் ஓரமாக உட்காருங்கள். கேள்விகளை நோட்டில் எழுதி வையுங்கள். புயல் கரை கடந்த பிறகு கேளுங்கள். உதவி கேட்டால் மட்டும் செய்யுங்கள்: மணிக்கொரு அழுத்த அளவைக் குறிப்பது, தொலைபேசியில் வரும் மழை அளவைப் பட்டியலிடுவது போன்ற சில்லறை வேலைகள்தான் வரும். அந்த வேலைகளைச் சலிக்காமல் செய்கிறவரைத்தான் அடுத்த நாளும் உள்ளே விடுவார்கள்.

கவனிக்க வேண்டியது எச்சரிக்கையின் படிகளை. புயலுக்கு முந்தைய கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பூட்டல், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன் தரும், கடந்த பின் உள்நாட்டில் என்ன நடக்கும் என்ற கணிப்பு என்று நான்கு கட்டம். துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. எந்தக் கட்டத்தில் எந்தத் தகவலை வைத்து அடுத்த படிக்குப் போனார்கள் என்று நேர வரிசையில் எழுதி வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் பல மணி நேரம் நகராமல் நின்று புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் மூழ்கடித்தது. கரை கடந்ததும் வேலை முடிந்தது என்று நாற்காலியை விட்டு எழக்கூடாது என்பதற்கு அந்த இரவே சாட்சி.

பயிற்சி முடியும்போது

அறிக்கையை இருபது பக்கத்துக்குள் முடியுங்கள். வானிலையின் வரலாறு, பருவமழை என்றால் என்ன என்ற முதல் பத்துப் பக்கத்தை வெட்டிவிடுங்கள். அதைப் படிக்கப்போகிறவருக்கு அது தெரியும். உங்கள் கணிப்பேட்டின் மதிப்பெண், பிழைத்த நாட்களின் வரைபடம், நீங்கள் எழுதிய நிரல் ஆகிய மூன்றும் இருக்கட்டும். நிரலை அடுத்தவர் இயக்கிப் பார்க்கும்படி குறிப்போடு அங்கேயே ஒரு பிரதி விட்டுவிட்டு வாருங்கள்.

வேலைவாய்ப்பு பற்றி மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் பணிக்குப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. 2022-இல் 990 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம், கணினிப் பட்டம், மின்னணுத் தொலைத்தொடர்புப் பட்டயம் என்று தகுதிகள் இருந்தன. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. அந்தத் தேர்வில் பயிற்சிச் சான்றிதழுக்கு மதிப்பெண் கிடையாது. முதுகலைக்குப் போகிறவர்களுக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியல் துறை, விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வானிலை, கடலியல் துறை இரண்டும் நம் பக்கத்தில் இருக்கின்றன. நேர்காணல் என்று ஒன்று வந்தால் கணிப்பேட்டை எடுத்துப் போங்கள், பொய்த்த நாட்களின் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்து.